ஜிகினாச் சட்டைக்காரனின் மெதுவான பாட்டுகள்

பொன்னுரங்கத்துக்கு நான் தைத்துக் கொடுத்த சட்டைகளில் ஒன்றைக்கூட ஒரு சாதாரண மனுஷன் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடக்க முடியாது. நாய் துரத்தும். கள்ளக்குறிச்சியில் கச்சேரிக்காரர்கள் எத்தனையோ பேருக்கு நான் தைத்திருக்கிறேன். எல்லாருக்கும் ஒரு கோட்டு, பளபளவென்று ஒரு பட்டி, அத்தோடு சரி. இவன் வந்தால் மட்டும் மேஜை பூரா ஜிகினாத் துணியும் சம்க்கியும் கண்ணாடிச் சில்லுமாகக் கொட்டிக் கிடக்கும். "டைலரே, காலர் தோளத் தாண்டணும். கைய வீசினா கடசி வரிசையில குந்திக்கினு இருக்கறவனுக்குக் கண்ணு கூசணும்" என்பான். கூசத்தான் செய்தது. ஒருமுறை டார்ச் பல்புகளைச் சட்டையில் கோத்து, இடுப்பில் பேட்டரி கட்டி, தாளத்துக்கு எரிந்து அணைகிற மாதிரி செய்து கொடுத்தேன். திருநாவலூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் தூறல் விழுந்து சட்டை புகைய ஆரம்பித்தது. அவன் பாட்டை நிறுத்தவில்லை, புகையோடு ஆடி முடித்தான். அதுவும் ஏற்பாடுதான் என்று ஜனம் விசிலடித்தது. அடுத்த ஊர்க்காரர்கள் அந்தப் புகைச் சட்டையோடுதான் வரவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எரிந்தது என் தையல்.

எண்பதுகளில் சின்னசேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் கோமுகி மெல்லிசைக் குழு என்றால் அது பொன்னுரங்கம்தான். நைனார்பாளையம் பக்கத்தில் கூலி வேலை செய்து பிழைத்த குடும்பம். கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவன், குழுவுக்குப் பெட்டி தூக்க வந்தான். ஒரு நாள் சேலத்திலிருந்து வரவேண்டிய பாடகி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். ஜோடிப் பாட்டுக்கு ஆளில்லாமல் எல்லாரும் கையைப் பிசைந்தபோது மேடைக்குப் பின்னாலிருந்து பெண் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் பெட்டி தூக்குகிறவன். அன்றிலிருந்து ஆண் குரல், பெண் குரல் இரண்டும் இவனே. ஒரு பாதி கோட்டும் மறு பாதி பட்டு ரவிக்கையுமாக நான் ஓர் உடுப்பு தைத்தேன். இந்தப் பக்கம் திரும்பினால் மாப்பிள்ளை, அந்தப் பக்கம் திரும்பினால் பெண். "பொம்பளக் குரலுக்கு யாரப் பாத்துப் பழகின?" என்று கேட்டதற்கு, "எங்க வூட்டுக்காரியத்தான். வேற எவ எங்கிட்ட அவ்ளோ நேரம் பேசறா?" என்றான்.

அந்த வீட்டுக்காரி குஞ்சம்மாள் ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. "ஊரே கூடி ஊளவுட்ற எடத்துல எனக்கு இன்னா வேலை?" என்று கேட்பாள். ஆனால் வீட்டில் அவன் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே மெதுவாக முனகினால் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்பாள். நானே பார்த்திருக்கிறேன்.

அவனுக்கு இருந்த ஒரே ஏக்கம் இதுதான். மெதுவான பாட்டு ஒன்றை மேடையில் பாடவேண்டும், எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அதைக் கடைசி வரைக்கும் கேட்கவேண்டும். பதினைந்து வருஷத்தில் அது நடக்கவே இல்லை. நிதானமாக ஒரு வரி எடுத்தால் போதும், "யோவ், தூங்கறதுக்கா வந்தோம், ஆட்டத்தப் போடுய்யா" என்று முன்வரிசை கத்தும். பெண் குரலில் ஆரம்பித்தாலோ பேச்சே இல்லை, விசில்தான். "எல்லாரும் உன் சட்டயப் பாக்கத்தான் வராங்க டைலரே. எனக்குள்ள ஒருத்தன் பாடிக்கினு இருக்கறது யாருக்கும் தெர்ல" என்று என் கடையில் உட்கார்ந்து புலம்புவான். புலம்பிவிட்டு, போகும்போது அடுத்த சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போவான்.

மேடையில்தானே கத்துகிறார்கள், கேசட் போட்டுவிட்டால் எவன் கத்துவான் என்று அவனுக்கு யோசனை வந்தது. எட்டுப் பாட்டு, எல்லாம் மெதுவானவை. தாலாட்டு ஒன்று, நலங்குப் பாட்டு ஒன்று, ஊரில் எல்லார் வாயிலும் உள்ள பழைய மெட்டுகள் சில. முதல் பாட்டு மட்டும் அவனுடையது. நடவு நடுகிற பெண்கள் பாடுகிற மெட்டில் அவனே வரி கட்டியிருந்தான். கல்யாணமான புதிதில் அவன் கல்வராயன் மலைக்குக் கடுக்காய் பொறுக்கும் வேலைக்குப் போய்விட, அடிவாரத்தில் குஞ்சம்மாள் மழைக்குப் பயந்து காத்துக்கொண்டிருந்தாளாம். அவள் கூப்பிடுவதாகப் பாட்டு, அதனால் அது பெண் குரலில்; மற்றவற்றில் இரண்டு குரலும் உண்டு.

மலை ஏறிப் போன மாமா,
மழை கறுத்து வருகுது பார்.
கடுக்காய் மூட்டை கிடக்கட்டும்,
கைய வீசி எறங்கி வா.

சுத்தமான காதல் பாட்டு. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு ஆளாளுக்கு என்னென்னவோ சொன்னார்கள்.

அரிசி மில் ஒன்றின் கோடவுனில் லீவு நாளாகப் பார்த்துப் பதிவு செய்தோம். சுற்றிலும் நெல் மூட்டை அடுக்கியிருந்தால் எதிரொலி வராது என்று கீபோர்டுக்காரர் சொன்னார். எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை ஏன் காய்கிறது என்று கேட்பீர்கள். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றவனுக்குக் குரலே எழும்பவில்லை. தொண்டையைக் கனைக்கிறான், வெந்நீர் குடிக்கிறான், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அந்தச் செவப்பு ஜிகினாவ எடுத்துக்கினு வந்துடேன்" என்றான். மூட்டைகளைத் தவிரப் பார்க்க ஆளில்லாத இடத்தில் இவனுக்கு ஜிகினா! திட்டிக்கொண்டே போய் எடுத்துவந்தேன். போட்டதும் குரல் வந்துவிட்டது. ஆனால் மூச்சு விட்டாலே சம்க்கி சலசலப்பது மைக்கில் விழுந்தது. ஆகவே அசையாமல் நின்று பாடவேண்டியதாயிற்று. மேடையில் ஓர் இடத்தில் நிற்காத மனுஷன், கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு எட்டுப் பாட்டும் பாடினான். அத்தனை வருஷம் பழகியும் அன்றைக்குத்தான் நான் அவன் குரலைக் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நெல் தூசி என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

'சாயங்காலப் பாட்டுகள்' என்று பெயர் வைத்து, அட்டையில் பல்புச் சட்டைப் படத்தைப் போட்டார்கள். அங்கேதான் முதல் வில்லங்கம். படத்தைப் பார்த்து ஆட்டப் பாட்டு என்று வாங்கிக்கொண்டு போனவர்கள் ஒரே வாரத்தில் கேசட் கடைக்குத் திரும்பி வந்தார்கள். "இன்னாங்க இது, கேசட்டு இழுக்குது. புது பேட்டரி போட்டும் மெதுவாத்தான் ஓடுது" என்று ஒருவர் சண்டை பிடித்தார். கடைக்காரர் பாவம், மிஷினைத் திறந்து எண்ணெய் விட்டுக் கொடுத்தனுப்பினார்.

பொன்னுரங்கம் அசரவில்லை. கல்யாண வீடுகளில் போடட்டும் என்று சுற்று வட்டாரத்து மைக் செட்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று சும்மாவே கொடுத்தான். சங்கராபுரத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த பாவாடை என்பவனுக்கும் ஒன்று போயிற்று. பாவாடையிடம் இரண்டு தகரப் பெட்டிகள் உண்டு. சிவப்புப் பெட்டியில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டுக்கு உண்டான கேசட்டுகள். கறுப்புப் பெட்டியில் சாவு வீட்டுக் கேசட்டுகள். எல்லா மைக் செட்காரர்களிடமும் இப்படித்தான், பெட்டியின் நிறம்தான் மாறும். அதில் ஒரு சட்டமும் உண்டு. கெட்டதுக்குப் போட்ட கேசட்டை நல்லதுக்குப் போடக்கூடாது. பாவாடை அந்தக் கேசட்டைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்டிருக்கிறான். மெதுவாக இருந்தது, மனசைப் பிசைந்தது. எந்தப் பெட்டி என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

அவ்வளவுதான். முதல் சாவு வீட்டில் போட்டதுமே பெண்கள் ஓவென்று அழுதிருக்கிறார்கள். 'எறங்கி வா' என்று பாடையைப் பார்த்துக் கூப்பிடுவதாக அவர்களுக்கு அர்த்தமாகிவிட்டது. மற்ற மைக் செட்காரர்களும் தங்கள் கேசட்டைக் கறுப்புப் பெட்டிக்கு மாற்றினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள், எங்காவது மைக் செட் குழாயில் 'மலை ஏறிப் போன மாமா' என்று கேட்டால் களை வெட்டுகிற பெண்கள் நிமிர்ந்து நின்று, "எந்த ஊர்ல சாவு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். என் கடைக்குத் துணி கொண்டுவந்த ஓர் அம்மா, "சாவுப் பாட்டுக்காரரு சட்ட தைக்கிறது நீங்கதானா?" என்று கேட்டுவிட்டுத் துணியைக் கொடுக்காமலேயே போனாள்.

பாவாடையோடு பொன்னுரங்கம் பஸ் ஸ்டாண்டிலேயே சண்டை போட்டான்.

"எம் பொண்டாட்டிக்குக் கட்டின பாட்டுடா அது! கல்யாணத்துக்குப் போடுடான்னு குட்த்தா சாவு வூட்ல போட்டு வச்சிருக்கறயே!"

"நான் இன்னாண்ணே பண்றது? கேட்டா அழுவாச்சி வருது. அழுவாச்சி வர்ற பாட்டக் கல்யாணத்துல போட்டா என்ன ஒதைக்க மாட்டாங்களா?" என்றான் பாவாடை. அவனிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அதுதான் கோபத்தைக் கூட்டியது.

பாட்டோடு போயிருந்தால் பரவாயில்லை, குரலையும் பிடித்துக்கொண்டது சனியன். ஒரு கல்யாண வரவேற்பில் இவன் குதியாட்டப் பாட்டுத்தான் பாடினான், நான் அங்கே இருந்தேன். இரண்டு வரி போனதும் பெண்ணின் அத்தை எழுந்து, "யார்ரா அவன், தாலி கட்டின எடத்துல சாவு வூட்டுக் கொரலு?" என்று கூச்சல் போட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஒவ்வொரு கச்சேரியாகக் கைவிட்டுப் போயிற்று.

கடைசியாக மிஞ்சியது ஓர் ஊர்தான். சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில், ஆடித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் இவன்தான் பாடுவான். அங்கே தர்மகர்த்தா நாராயணசாமி. நிலம் நீச்சு உள்ளவர், நல்ல மனுஷன். அவர் பொன்னுரங்கத்தை உட்காரவைத்துப் பேசினார்.

"உம்மேல எனக்கு வருத்தம் இல்லப்பா. ஆனா அம்மன் சன்னதியில அந்தக் கொரல ஏத்தினா ஊர்ல என்னக் கேப்பாங்க. குட்த்த கேசட்ட எல்லாம் திருப்பி வாங்கிடு. ஆடி பொறக்கறதுக்குள்ள அந்தப் பாட்டு எங்கியும் கேக்கக் கூடாது. ஜனங்க மறந்துட்டாங்கன்னா, நீதான் பாடற."

"வாங்கிட்றேங்க. ஒண்ணுகூட வுடமாட்டேன்" என்று கும்பிட்டுவிட்டு வந்தான்.

அதற்கப்புறம் அவனுடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து நான் அலைந்த அலைச்சல்! என் முதுகெலும்பு இன்றைக்கும் அதைச் சொல்லும். ஒவ்வொரு மைக் செட்காரராகத் தேடிப் பிடித்து, கெஞ்சியோ திட்டியோ கேசட்டுகளை வாங்கிப் பையில் போட்டோம். கேசட் கடைக்காரரும் மிச்சமிருந்ததைக் கொடுத்துவிட்டார்; காசு கொடுத்து வாங்கினவர்கள் எப்போதோ அதன்மேல் வேறு பாட்டைப் பதிந்துகொண்டிருந்தார்கள். பாவாடையிடம் இருப்பது மட்டும்தான் பாக்கி. அவன் கண்ணில் படாமல் நழுவிக்கொண்டிருந்தான். ஆனி மாசக் கடைசியில் ஒரு நாள் அவன் கடைக்குப் போனபோது, மலையடிவாரத்தில் ஒரு கிராமத்துக்குச் சாவு வேலைக்குப் போயிருப்பதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள். "அங்கியே போய்ப் புடுங்கிக்கினு வந்துடலாம்" என்றான் பொன்னுரங்கம். போனோம்.

ஊருக்குள் நுழையும்போதே அந்தப் பாட்டு கேட்டது. வீரமுத்து என்கிற சம்சாரி வீட்டில் சாவு. இறந்தது அவர் மனைவி பெரியநாயகி. பந்தலில் நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் நாராயணசாமியும் இருந்தார், வீரமுத்துவுக்குப் பங்காளி முறையாம். எங்களைப் பார்த்ததும் அவர் சின்னதாகத் தலையாட்டினார். 'வந்த வேலையை முடி' என்று அதற்கு அர்த்தம். மற்ற யாருக்கும் பொன்னுரங்கத்தை அடையாளம் தெரியவில்லை. வெள்ளைச் சட்டையில் அவனை யார் பார்த்திருக்கிறார்கள்?

பந்தல் ஓரத்தில் டேப்புக்குப் பக்கத்தில் பாவாடை உட்கார்ந்திருந்தான். எங்களைக் கண்டதும் முகம் செத்துப்போயிற்று. "அண்ணே, இந்த ஒரு பாட்டு முடியட்டும்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டான். பொன்னுரங்கம் பட்டனை அமுக்கக் கையை நீட்டியவன், ஏனோ நிமிர்ந்து பந்தலைப் பார்த்தான். பறையடிக்கிறவர்கள் பறையை மடியில் கிடத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெற்றிலை போடுகிறவர் வெற்றிலையைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது.

பாட்டு முடிந்தது. வீரமுத்து பாடையருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அந்த மனுஷன் அழவே இல்லை, வாயே திறக்கவில்லை என்று எனக்குப் பக்கத்தில் ஒருவர் சொன்னார். அவர் இப்போது தலையைத் தூக்கி, "யப்பா, அந்த மொதப் பாட்ட இன்னொரு தபா போடு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்கியோ வயக்காட்லேருந்து அவ என்னக் கூப்புட்ற மாதிரியே இருக்குது. யாரு அந்தம்மா பாட்றது? உசுரோட இருக்காங்களா?" என்று கேட்டார்.

பாவாடை பொன்னுரங்கத்தைப் பார்த்தான். பொன்னுரங்கம், "இருக்காங்கய்யா" என்றான்.

பாவாடை கேசட்டைப் பின்னால் ஓட்டித் திரும்பப் போட்டான். 'மலை ஏறி' என்ற வரைக்கும் வந்தது. அப்புறம் குரல் கொழகொழத்துக் குழம்பி நின்றுவிட்டது. அவன் பதறிப்போய்த் திறந்து இழுக்க, டேப் மிஷினுக்குள் சுற்றிக்கொண்டு முழம் முழமாக வந்து, கடைசியில் அறுந்தது. கடைசிக் கேசட்டும் தொலைந்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது! எவரிடமும் பிடுங்காமல், எவர் மனசும் நோகாமல் காரியம் முடிந்தது. இனி அந்தப் பாட்டு எங்கும் கேட்காது. ஆடிக் கச்சேரி இவனுக்கு. நாராயணசாமியும் எங்களைப் பார்த்துக் கண்ணாலேயே 'போய் வாங்க' என்றார். நான் அவன் முழங்கையைக் கிள்ளி, "வா, கெளம்பலாம்" என்றேன்.

அவன் நகரவில்லை. வீரமுத்து இன்னும் தலையைத் தூக்கிக் காத்துக்கொண்டிருந்தார். மிஷின் கெட்டுப்போனது அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது. பொன்னுரங்கம் குனிந்து, சேதி சொல்வதற்காக வைத்திருந்த மைக்கை எடுத்தான்.

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "பைத்தியக்காரா, நாராயணசாமி பாத்துக்கினு இருக்காரு. கேசட்டு பாடினா சாக்கு சொல்லலாம். நீயே சாவு வூட்ல பாடினேன்னா இனிமே ஒரு பந்தலும் கெடையாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"தெரியும். வுடு டைலரே" என்றான்.

பாடினான். மீசை வைத்த ஓர் ஆம்பளை, நாற்பது வயசுக்காரன், பெண் குரலில். வாத்தியம் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் குரலுக்கு அரை வரிக்குள் விசில் வராமல் இருந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. யாராவது சிரித்துவிடுவார்களோ என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் அவசரப்படவில்லை, குஞ்சம்மாள் அடிவாரத்தில் நின்று கூப்பிட்ட மாதிரியே நிறுத்தி நிறுத்திக் கூப்பிட்டான். 'கைய வீசி எறங்கி வா' என்ற இடத்தில் வீரமுத்து, "தோ வந்துட்டேன் பெரியநாயகி, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பாடையின்மேல் சாய்ந்து ஓவென்று அழுதார். பாட்டு அங்கே நிற்கவில்லை. மிச்சமிருந்த வரிகளையும் பாடி, கடைசி வரியை இரண்டு முறை பாடி, மைக்கைக் கீழே வைத்தான். பந்தலில் ஓர் ஓசை இல்லை. சாவு வீட்டில் கை தட்ட மாட்டார்கள் அல்லவா. அவன் பழக்க தோஷத்தில் கும்பிட்டுவிட்டான்.

நாங்கள் கிளம்பும்போது நாராயணசாமி தெருமுனை வரைக்கும் கூடவே வந்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கண்ணன அழ வச்சிட்டியேப்பா, இல்லன்னா இன்னிக்கி அவரும் போயிருப்பாரு" என்றார். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "ஆடிக்கு வேற ஆளத்தான் பாக்கணும் பொன்னுரங்கம். மனசுல வச்சிக்காத" என்றார். இவன், "பரவால்லீங்க, பாருங்க" என்றான். அந்த நல்ல மனுஷனை அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் அவரைக் கண்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அப்புறம் அவன் எந்தத் திருவிழாப் பந்தலிலும் ஏறவில்லை. மலையடிவாரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் சாவு வீடுகளிலிருந்து ஆள் அனுப்பினார்கள், போய்ப் பாடினான், வயசாகித் தொண்டை கட்டும் வரைக்கும் பாடினான். அதெல்லாம் பிற்பாடு நடந்தது. அன்றைக்கு வழி நெடுக நான் மனசுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அவன் வீட்டு வாசலுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சாவு வீட்டுக்குப் போனவர்கள் குளிக்காமல் உள்ளே போகக்கூடாதே. எங்களைப் பார்த்ததுமே குஞ்சம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. அண்டாவில் தண்ணீர் எடுத்து வந்து வாசலில் வைத்தாள். அவன் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுக் கல்லின்மேல் உட்கார்ந்தான்.

"கேசட்ட வாங்கிட்டியா?" என்று கேட்டாள்.

"அது அறுந்துடுச்சி. நானே பாடினேன்."

அவள் சொம்பில் தண்ணீர் மொண்டாள். ஆடிக் கச்சேரி போயிற்று என்பது அவளுக்குப் புரியாமலில்லை. அந்த வருஷம் சோற்றுக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"எந்தப் பாட்டு?" என்றாள்.

"உன் பாட்டுதான்."

"முழுசாப் பாட வுட்டாங்களா?"

"வுட்டாங்க. ஒருத்தரும் பேசல குஞ்சு. கடசி வரிக்கும் ஒருத்தர்கூடப் பேசல" என்றான்.

அவள் அவன் தலையில் தண்ணீரை ஊற்றினாள். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுகிற சத்தம் வெளியே கேட்காதபடி, அண்டா காலியாகிற வரைக்கும் விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தாள்.